தெரிந்த பாட்டைத் தனிக் கிட்டாரில் வாசிக்க: கேட்பவர் சொல்லும் குறையும் விரலில் அதற்கான திருத்தமும்

எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு நாட்டுப்பாடலைப் பாடகர் இல்லாமல் கிட்டாரில் மட்டும் வாசித்தால், கேட்டவர்களிடமிருந்து வரும் பேச்சு அநேகமாக ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். “நல்லாத்தான் இருக்கு, என்ன பாட்டுன்னுதான் கொஞ்ச நேரம் பிடிபடல.” “மெட்டு வருது, பாடுற மாதிரி இல்ல.” “சினிமா பின்னணி இசை மாதிரி ஆயிடுச்சு.” “ஏன் இந்த ஓட்டம்?” “அந்த இடத்துல அப்படி வராதே.” இப்படிச் சொல்பவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரிந்திருக்காது, காரணமும் தெரியாது. ஆனால் இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவார். காரணம் ஏதோ ஒரு விரலிலோ கார்டிலோ (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) ட்யூனிங்கிலோ (கம்பிகளைச் சுருதி சேர்க்கும் முறை) ஒளிந்திருக்கும். அதைத் தேடிப் பிடிப்பது வாசிப்பவர் வேலை.

தெரிந்த பாட்டு ஒலிக்கும்போது கேட்பவர் மனதுக்குள் சொற்கள் ஓடிக்கொண்டிருக்கும். கிட்டாரில் வரும் ஒவ்வொரு ஸ்வரமும் அந்தச் சொல்லில் போய் உட்காருகிறதா என்று தன்னை அறியாமலே பார்த்துக்கொண்டிருப்பார். புதுப் பாட்டுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆகவே கீழே வரும் திருத்தங்கள் எல்லாமே சொல்லுக்கு இடம் விடுவதைச் சுற்றித்தான்.

உலோகக் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டாரை விரலால் வாசிப்பதை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். மெல்லிய கம்பி 1, தடித்த கம்பி 6 என்பது கணக்கு.

கிட்டாரை எடுக்கும் முன்

ஒரே பாட்டை மூன்று பேர் பாடிய பதிவுகளைக் கேளுங்கள். மூன்றிலும் ஒரே மாதிரி வரும் ஸ்வரங்களும் மூச்சு விடும் இடங்களும் பாட்டின் எலும்பு. அவற்றில் கை வைக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் மாறுகிற இடங்கள் உங்களுக்கும் திறந்த இடங்கள். ஒரே ஒரு பதிவை மட்டும் கேட்டு எழுதியவர்களுக்கு இந்த எல்லை தெரியாது. அந்தப் பாடகரின் சொந்தச் சங்கதியை, அதாவது மெட்டில் அவர் சேர்த்த மாற்றத்தை, கட்டாயம் என்று நினைத்துக் காப்பாற்றுவார்கள், எலும்பை உடைத்துவிடுவார்கள்.

பிறகு முழுப் பாட்டையும் சொற்களோடு நீங்களே பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. எந்தச் சொல்லில் மூச்சு முடிகிறது, எந்த எழுத்து நீள்கிறது என்பதைச் சொற்களை எழுதிய தாளிலேயே குறியுங்கள். மூச்சுக்கு ஒரு சாய்கோடு, நீள்கிற எழுத்துக்கு மேலே ஒரு கோடு போதும். அது தாலாட்டா, ஒப்பாரியா, வேலை செய்துகொண்டே பாடுவதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பாரிக்குத் தாளத் தட்டு வைத்து வாசித்தால், எவ்வளவு சுத்தமாக வாசித்தாலும் கேட்பவர் முகம் சுளிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சுருதியும் இடமும்

மெட்டு மெல்லிய மூன்று கம்பிகளில் (1, 2, 3) நடக்க வேண்டும், பேஸ் எனும் தாழ்ந்த துணை ஸ்வரம் தடித்த மூன்றில் (4, 5, 6). மெட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் மூன்றாம் கம்பியிலோ அதற்கு மேலோ கிடைக்கும்படி சுருதியைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாம் கம்பியை வெறுமனே மீட்டுவதிலிருந்து முதல் கம்பி 12ஆம் ஃப்ரெட் (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்) வரை ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஸ்தாயி இடம் இருக்கிறது. நாட்டுப்பாடல் பலவற்றுக்கு இது தாராளம்.

தொடங்குவதற்கு வசதியான சுருதி டி, அதாவது டியே ஸ. ஆறாம் கம்பியை ஈயிலிருந்து டிக்கு ஒரு முழு ஸ்வரம் இறக்கிவிட்டால் (டிராப் டி) 6, 5, 4 ஆகிய மூன்று கம்பிகளும் வெறுமனே ஸ, ப, ஸ என்று ஒலிக்கும். பேஸுக்கு இடது கை தேவைப்படாது, நான்கு விரலும் மெட்டுக்கே மிஞ்சும். மோகனத்தில் (ஸ ரி க ப த என்ற ஐந்து ஸ்வர ராகம்) அமைந்த மெட்டு என்றால் ஸ்வரங்கள் இங்கே இருக்கின்றன: கீழ் ப மூன்றாம் கம்பி 2ஆம் ஃப்ரெட், கீழ் த இரண்டாம் கம்பி வெறுமனே, ஸ இரண்டாம் கம்பி 3, ரி முதல் கம்பி வெறுமனே, க முதல் கம்பி 2, ப முதல் கம்பி 5, த முதல் கம்பி 7, மேல் ஸ முதல் கம்பி 10.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ரி வெறும் கம்பியில் கிடைக்கிறது என்று அங்கேயே வாசித்தால், இரண்டாம் கம்பியில் ஸ இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே ரி சேர்ந்து ஒலிக்கும். ஒரு வாயால் இரண்டு எழுத்தை ஒரே நேரத்தில் சொல்ல முடியாது என்பது கேட்பவர் காதுக்குத் தெரியும். அதனால் சொல் நெருக்கமாக வரும் இடங்களில் ஸ ரி க மூன்றையும் இரண்டாம் கம்பியிலேயே 3, 5, 7ஆம் ஃப்ரெட்டில் வாசியுங்கள். வெறும் கம்பியின் ரி, இழுத்து நிற்கும் இடங்களுக்கு மட்டும்.

சுருதி உயர வேண்டுமென்றால் விரல் அமைப்பை மாற்றாமல் கேப்போ (கழுத்தில் எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். கேப்போ போட்டதும் கம்பிகள் சற்றே ஏறிப்போகும், தடித்த கம்பிகளில் அது இன்னும் தெரியும். போட்ட பிறகு மறுபடி ட்யூன் செய்யாமல் வாசிப்பதுதான் “ஏதோ இடிக்குது” என்ற பேச்சுக்கு முதல் காரணம். டிராப் டி அமைப்பில் கேப்போ ஆறு கம்பியையும் சேர்த்துப் பிடிப்பதால் அமைப்பு அப்படியே மேலே நகரும், கணக்கு மாறாது.

கம்பியை இறக்கி ட்யூன் செய்யும்போது வேண்டிய சுருதிக்குக் கீழே போய், அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் திருகாணியின் பல்லில் உள்ள தளர்வால் வாசிக்க வாசிக்க நழுவும். ஆறாம் கம்பியை இறக்கினால் கழுத்தின் இழுவிசை குறைந்து மற்றக் கம்பிகள் கொஞ்சம் ஏறும். ஆகவே ஆறும் முடிந்த பிறகு இன்னொரு சுற்று பார்க்க வேண்டும்.

“என்ன பாட்டுன்னு பிடிபடல”

மெட்டு துணைச் சத்தத்துக்குள் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். வாசிப்பவருக்கு இது தெரியாது. மெட்டு அவர் தலைக்குள் ஓடுவதால் ஒலிக்காத ஸ்வரமும் அவருக்கு ஒலித்த மாதிரியே இருக்கும். போனை ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பதிந்து, மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் காது இன்னும் ஏமாற்றும்.

திருத்தத்தை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் மெட்டை மட்டும், பேஸ் இல்லாமல், முழுப் பாட்டும் வாசியுங்கள். அதிலேயே பாட்டு அடையாளம் தெரியாவிட்டால் மேலே எதைச் சேர்த்தும் பயனில்லை. அடுத்து ஒரு தாளச் சுற்றுக்கு ஒரே ஒரு பேஸ், முதல் அடியில். அடுத்து இரண்டு. அதற்குப் பிறகுதான் நடுக்கம்பிகளில் ஒன்றிரண்டு ஸ்வரம், அதுவும் மெட்டு நிற்கும் இடத்தில் மட்டும். ஒவ்வொரு படியிலும் பதிந்து கேட்டு, மெட்டு மங்கிய படிக்கு முந்தைய படியில் நின்றுவிடுங்கள். பல பாட்டுகளுக்கு இரண்டாம் படியே போதும். நிரப்பி வாசித்தால்தான் திறமை தெரியும் என்ற கூச்சம் கிட்டார்காரர்களுக்கு மட்டுமே உள்ள நோய்.

வலது கையில் மெட்டுக்கு மோதிர விரலும் நடுவிரலும், பேஸுக்குக் கட்டைவிரல். மெட்டு விரலை ரெஸ்ட் ஸ்ட்ரோக்காக வாசியுங்கள்: மீட்டிய விரல் காற்றில் எழாமல் அடுத்த தடித்த கம்பியில் போய்ச் சாயும். ஒலி கனமாகவும் உருண்டையாகவும் வரும். ஆனால் விரல் சாய்கிற கம்பி அந்த நேரத்தில் ஒலிக்க வேண்டியதாக இருந்தால் அதை இது கொன்றுவிடும். அங்கே மட்டும் சாதாரண மீட்டலுக்கு மாறுங்கள். பேஸை அடக்க, உள்ளங்கையின் விளிம்பை பிரிட்ஜில் கம்பி ஏறும் எலும்பின் மேல் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். சில மில்லிமீட்டர் முன்னே தள்ளினாலும் சுருதி போய் வெறும் ‘டொக்’ மட்டும் மிஞ்சும். பின்னே போனால் அடங்கவே அடங்காது.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி: மெட்டை முழு ஒலியில் வாசித்து, கட்டைவிரல் பேஸ் கம்பியைத் தொட்டுவிட்டு மீட்டாமல் விலக வேண்டும். பத்து நிமிடம் இப்படிச் செய்துவிட்டு, பிறகு கட்டைவிரலை மெல்ல ஒலிக்க விடுங்கள். இரண்டு விரலும் ஒரே பலத்தில் விழும் பழக்கம் இதில்தான் உடையும்.

“பாடுற மாதிரி இல்ல”

இந்தக் குறைக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஸ்வரம் எல்லாம் சரி, தாளம் சரி, இருந்தும் கேட்பவருக்குச் சொல் கேட்கவில்லை.

கிட்டாரில் ஒவ்வொரு ஸ்வரமும் தட்டித்தான் பிறக்கிறது, பிறந்த நொடியிலிருந்து தேய்கிறது. குரல் அப்படியல்ல. எல்லா எழுத்தையும் ஒரே மாதிரி தட்டினால் தட்டச்சு மாதிரி இருக்கும். நெடிலுக்கு இரண்டு மாத்திரை, குறிலுக்கு ஒன்று, மெய்க்கு அரை என்ற பழைய இலக்கணக் கணக்கையே விரலுக்குக் கொண்டுவரலாம். நெடில் ஒலித்து நிற்க வேண்டும். குறில் லேசாக விழ வேண்டும். வல்லின ஒற்றில் ஒலி அறுபட வேண்டும். மெல்லின ஒற்றில் அறுபடாமல் வழுக்க வேண்டும்.

‘காத்திருந்தேன்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். மெட்டு ஸ ரி க என்று ஏறுகிறது, டிராப் டி. ‘கா’: இரண்டாம் கம்பி 3ஆம் ஃப்ரெட்டை நடுவிரலால் மீட்டுங்கள், கூடவே கட்டைவிரலில் நான்காம் கம்பி. ‘த்’: அதே நடுவிரலை இரண்டாம் கம்பியில் மறுபடி கொண்டுபோய் வையுங்கள், மீட்ட வேண்டாம், மெட்டு அறுபடும், பேஸ் மட்டும் தொடரும். ‘தி’: 5ஆம் ஃப்ரெட், தெளிவாக ஒரு மீட்டல். ‘ரு’: அதே இடம், பாதி பலத்தில். ‘ந்’: மீட்டாமல் 5இலிருந்து 7க்கு ஸ்லைடு. ‘தேன்’: 7ஆம் ஃப்ரெட்டை மீட்டி நிற்க விடுங்கள். மெதுவாக நாலைந்து தடவை வாசித்தாலே சொல் எழும்பி வருவது தெரியும். ‘த்’, ‘ந்’ என்ற ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டு வாசித்துப் பார்த்தால் வெறும் ஸ ரி க ஏற்றமாக நிற்கும். வேற்று மொழிப் பாட்டிலும் இதே முறைதான், அடைபடும் மெய் எங்கே, மூக்கொலி எங்கே என்று பார்த்து வைக்க வேண்டியதுதான்.

நெடில் மிக நீண்டால் ஒலி தேய்ந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. அதற்காக அந்த இடைவெளியில் அலங்கார ஓட்டங்களை நிரப்பாதீர்கள். மூன்று வழிகள் உண்டு. நீட்சியின் நடுவில் கட்டைவிரலில் ஒரு வெறும் பேஸ் கம்பியை மெல்லத் தொட்டால், தேய்ந்த மெட்டு இன்னும் நிற்கிற மாதிரி காது எடுத்துக்கொள்ளும். அல்லது ஒலித்து அரை அடி கழித்து இடது விரலை மெதுவாக அசைக்கலாம். மீட்டிய உடனே அசைத்தால் நடுக்கமாகத் தெரியும். அல்லது அடுத்த சொல் தொடங்கும் முன் அதே ஸ்வரத்தை மிக மெல்ல ஒருமுறை மீட்டலாம். படபடவென்று ஒரே ஸ்வரத்தைத் தட்டும் டிரெமலோ வேண்டாம். கேட்பவர் மாண்டலினை நினைத்துக்கொள்வார், பாட்டை விட்டுவிடுவார்.

குரலில் காந்தாரம் (க) பல பாட்டுகளில் நேராக நிற்காது, கீழிருந்து தொட்டு வரும். முதல் கம்பி 2ஆம் ஃப்ரெட்டில் அதைச் செய்ய முயன்றால் கம்பி விறைப்பாக இருக்கும், நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பட்டை) பக்கத்தில் வளைப்பது கடினம். இரண்டாம் கம்பி 7ஆம் ஃப்ரெட்டில் அதே ஸ்வரம் இளகலாகக் கிடைக்கும். 12–53 அளவுக் கம்பி செட்டில் (மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053) மூன்றாம் கம்பி சுருள் சுற்றியது என்பதால் அதில் அரை ஸ்வரம் வளைப்பதே பெரும்பாடு. வளைவும் வழுக்கலும் வேண்டிய இடங்களை முடிந்தவரை முதல் இரண்டு கம்பிகளுக்குக் கொண்டுபோங்கள். சுற்றில்லாத கம்பி என்பதால் விரல் நகரும் கீச்சொலியும் அங்கே வராது.

மூச்சு இடங்கள் தனி விஷயம். தாளில் சாய்கோடு போட்ட இடத்தில் இடது விரலை அழுத்தம் விட்டுத் தளர்த்தி, மெட்டை அரை அடியாவது மௌனமாக்குங்கள். பேஸ் வேண்டுமானால் நடக்கட்டும். வாசிப்பவர்கள் அங்கேதான் ஒரு துள்ளல் துணுக்கைச் செருகுவார்கள், ஏனென்றால் அங்கேதான் கை சும்மா இருக்கிறது. கேட்பவருக்கு அந்த மௌனம் பாட்டின் பகுதி.

“சினிமா பின்னணி மாதிரி ஆயிடுச்சு”

இது கார்டின் குற்றம். மேலே சொன்ன மோகன மெட்டுக்கு வழக்கமான மூன்று கார்டை, அதாவது டி, ஜி, ஏ மேஜர்களை, வைத்துப் பாருங்கள். மோகனத்தில் ம, நி இரண்டும் கிடையாது. ஜி கார்டுக்குள் ஜி என்கிற ம உட்கார்ந்திருக்கிறது, ஏ மேஜருக்குள் சி ஷார்ப் என்கிற நி. மெட்டு வேண்டாம் என்று விட்ட இரண்டு ஸ்வரத்தையும் துணை தேடிக் கொண்டுவந்து வைக்கிறது. காதில் இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் பாட்டின் முகம் மாறிவிடும்.

மோகனத்தின் ஐந்து ஸ்வரத்துக்குள்ளேயே முழுதாக அமையும் கார்ட் இரண்டுதான்: டி மேஜரும் பி மைனரும். ஏ வர வேண்டிய இடத்தில் ஏ, ஈ என்ற இரண்டு ஸ்வரம் மட்டும் ஒலிக்கட்டும். ஜி கேட்கும் இடத்தில் ஐந்தாம் கம்பி 2ஆம் ஃப்ரெட்டின் பியைப் பேஸாக வைத்துப் பி மைனருக்குப் போங்கள். அதுவும் இல்லாமல் டியும் ஏயும் மட்டுமே சுருதியாக ஓடினாலும் பாட்டு தாங்கும். மூன்றாம் சரணத்தில் ஒரே ஒருமுறை ஜி வைத்தால், அது வரை வராததாலேயே அந்த இடம் தூக்கலாகத் தெரியும். இப்படி விதியை மீறுவதற்கு முன் விதி நின்றிருக்க வேண்டும்.

ஏழு ஸ்வர மெட்டுகளில் வேறொரு தவறு நடக்கும். மைனர் போல் ஒலிக்கும் மெட்டு எல்லாம் நடபைரவி (மேற்கத்திய இயல்பு மைனருக்கு இணையான ராகம்) அல்ல. ‘ஸ்கார்பரோ ஃபேர்’ என்ற ஆங்கில நாட்டுப்பாடல் டோரியன், அதாவது நம் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள். அதன் இரண்டாம் வரியில் சதுச்ருதி தைவதம், அதாவது நடபைரவியில் உள்ளதைவிட அரை ஸ்வரம் உயர்ந்த த, வரும். டி சுருதியில் அது பி. துணையில் பி ஃபிளாட் உள்ள ஜி மைனரை வைத்தால் அங்கே மெட்டும் கார்டும் முட்டிக்கொள்ளும், ஜி மேஜர் வைக்க வேண்டும். ஹரிகாம்போதி மாதிரி தாழ்ந்த நிஷாதம் உள்ள மெட்டுக்கு டி சுருதியில் ஏ மேஜர் ஆகாது, அதன் இடத்தில் சி மேஜர் பெரும்பாலும் பொருந்தும். கார்ட் வைக்கும் முன் மெட்டில் வரும் ஸ்வரங்களை மட்டும் ஒரு வரிசையாக எழுதிக்கொண்டால் இவ்வளவும் தானாகத் தெரிந்துவிடும்.

மேஜரா மைனரா என்ற கேள்வியையே தவிர்க்க வேண்டுமென்றால் டி ஏ டி ஜி ஏ டி ட்யூனிங் இருக்கிறது: 6, 2, 1 ஆகிய மூன்று கம்பியையும் ஒரு முழு ஸ்வரம் இறக்க வேண்டும். வெறும் கம்பிகளில் காந்தாரம் இல்லை என்பதுதான் இதன் பலம். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களில் இதைப் பரவலாக்கினார், அதன் பிறகு நாட்டுப்பாடல் வாசிப்போரின் பழக்கமாகிவிட்டது. ஒரு எச்சரிக்கை: இந்த ட்யூனிங் எதை வாசித்தாலும் அழகாக ஒலிக்கும். அந்த அழகில் மயங்கி மெட்டைத் தொலைத்தவர்கள் அதிகம். மேலே சொன்ன ஃப்ரெட் கணக்கில் 1, 2ஆம் கம்பி எண்கள் எல்லாம் இரண்டு கூடும் என்பதையும் மறக்காதீர்கள்.

“ஏன் இந்த ஓட்டம்?”

பாடும்போது இருந்த வேகத்தை மெட்ரோனோமில் (தாள வேகம் தட்டிக் காட்டும் கருவி) பிடித்து எழுதிவையுங்கள். நிமிடத்துக்கு 84 வந்தால் வாசிப்பு 80க்கும் 88க்கும் நடுவில் இருக்கட்டும். ஸ்வரம் தேய்வதைப் பொறுக்க முடியாமல்தான் கிட்டார்காரர் ஓடுகிறார். நீண்ட ஸ்வரத்தைத் தாங்கும் வழி கைவந்துவிட்டால் ஓட்டமும் நிற்கும்.

சில நேரம் வேகம் சரியாகவே இருக்கும், தாளப் பிரிவுதான் தப்பு. தகிட தகிட என்று நடக்கும் 6/8 பாட்டுக்கு, நான்கடிப் பாட்டில் பழகிய மாற்று பேஸை (கட்டைவிரல் இரண்டு பேஸ் கம்பிகளை மாறி மாறி மீட்டுவது) அப்படியே போட்டால் கட்டைவிரல் இரண்டிரண்டாகவும் மெட்டு மும்மூன்றாகவும் போகும். கேட்பவருக்கு அது அவசரமாகத் தெரியும். பேஸ் 1, 4ஆம் எண்ணில் விழட்டும். தட்டு வேண்டுமென்றால் 4இல் மட்டும், கட்டைவிரலின் பக்கவாட்டால் ஆறாம் கம்பியில் மெல்ல. முதல் சரணத்தில் தட்டே வேண்டாம்.

பாடகர் ஒரு வரியின் முடிவில் ஓரடி கூடுதலாக நின்றால் அதையும் அப்படியே வையுங்கள். அதைச் சுற்றுக்குள் அடக்கிச் சதுரமாக்கினால் கேட்பவர் அடுத்த வரிக்குள் தடுக்கி விழுவார்.

“அந்த இடத்துல அப்படி வராதே”

இப்படிச் சொல்பவரிடம் ஒன்று கேளுங்கள்: “நீங்க பாடிக் காட்டுங்க.” பெரும்பாலும் வேறொரு பாடபேதம், அதாவது அதே பாட்டின் வேறு வடிவம், வெளியே வரும். நாட்டுப்பாடலுக்கு ஒற்றை மூலம் கிடையாது என்பதால் அவரும் சரி, நீங்களும் சரி. பதிந்துவைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் சரணத்துக்கு நல்ல மாற்று கிடைத்த மாதிரி. ஆனால் அவர் காட்டுவது எலும்பு ஸ்வரமாக இருந்தால், அதாவது நீங்கள் கேட்ட மூன்று பதிவிலும் அவர் சொன்னபடியே இருந்தால், மாற்ற வேண்டியது நீங்கள்தான்.

சில பாட்டுகளில் மெட்டோடு துணை இசையும் சேர்ந்தே மனதில் பதிந்திருக்கும். ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’ மரபுப் பாடல்தான். ஆனால் 1964இல் தி அனிமல்ஸ் குழுவின் பதிவில் ஹில்டன் வாலண்டைன் கிட்டாரில் வாசித்த 6/8 ஆர்ப்பெஜியோ (கார்டின் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது) அந்தப் பாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அப்படிப்பட்ட பாட்டை எடுத்தால், அந்தத் துணையை ஒரு சுற்றாவது தொட்டுக் காட்டிவிட்டு உங்கள் வழியில் போங்கள். அல்லது முற்றிலும் வேறாக, அதன் நிழலே இல்லாமல் செய்யுங்கள். பாதி ஒத்து பாதி விலகினால் தெரியாமல் தப்பாக வாசித்த மாதிரி இருக்கும்.

முன்னிசை எட்டுத் தாளச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். பாட்டின் கடைசி வரியையே மெதுவாகத் தாளமில்லாமல் வாசித்தால் நல்ல முன்னிசை ஆகும், என்ன பாட்டு என்பதும் பாதி பிடிபட்டுவிடும். சரணங்கள் எல்லாவற்றையும் வாசிக்கத் தேவையில்லை. சொல் இல்லாதபோது மூன்றுக்கு மேல் கேட்பவர் கவனம் தங்குவது கடினம். முதலாவது வெறும் மெட்டு, இரண்டாவது பேஸோடு, மூன்றாவது மேல் ஸ்தாயியில் அல்லது பாடபேதத்தோடு என்று மூன்று நிமிடத்துக்குள் முடியும்.

பதிவு

போனையோ மைக்கையோ ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள், பேஸ் கும்மென்று பொங்கி மெட்டை விழுங்கும். 12ஆம் ஃப்ரெட்டைப் பார்த்து மைக் என்றால் 20 முதல் 30 சென்டிமீட்டர், போன் என்றால் அரை மீட்டர். உச்ச அளவு மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நிற்கட்டும். போனின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு மெல்லிய இடத்தைத் தூக்கி உரத்த இடத்தை அமுக்கும். நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய குறில் நெடில் வேறுபாடு அதில் தட்டையாகிவிடும். அதை அணைக்க வழியுள்ள பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள்.

டிராப் டியில் ஆறாம் கம்பி சுமார் 73 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அந்த ஆழம் வராது. ஹெட்ஃபோனில் சமநிலை பார்த்து முடித்துவிட்டுப் போன் ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேளுங்கள். பேஸ் காணாமல் போனால் தாளம் நொண்டும். அந்த இடங்களில் நான்காம் கம்பிக்கு மாறுவதுதான் வழி, ஒலியைக் கூட்டுவது உதவாது.

வீடியோவில் இரண்டு கையும் தெரியட்டும். ட்யூனிங், கேப்போ எண், சுருதி மூன்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுங்கள். வாசிக்கத் தெரிந்தவர்களின் முதல் கேள்வி அதுதான். மரபுப் பாடல் என்று போடும் முன் அது உண்மையிலேயே மரபுதானா என்று பாருங்கள். நாட்டுப்பாடல் பாணியில் அண்மையில் ஒருவர் எழுதியதாக இருக்கலாம், அப்படியானால் உரிமை அவருடையது. மெட்டு மரபாகவே இருந்தாலும், யார் பாடிய பாடத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் யாருடைய கிட்டார் அமைப்பைத் தழுவினீர்கள் என்பதையும் பெயரோடு குறிப்பிடுங்கள்.

யார் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது

வெளியிடும் முன், அந்தப் பாட்டு தெரிந்த ஒருவரை எதிரே உட்காரவைத்து, நீங்கள் வாசிக்கும்போது கூடவே பாடச் சொல்லுங்கள். அபிப்பிராயம் கேட்க வேண்டாம். அவர் முந்திக்கொள்ளும் இடத்தில் நீங்கள் மூச்சை நீட்டியிருக்கிறீர்கள், பின்தங்கும் இடத்தில் விழுங்கியிருக்கிறீர்கள், சுருதி தடுமாறும் இடத்தில் கார்ட் அவரை வேறு பக்கம் இழுக்கிறது. இந்த ஒரு சோதனையில் கிடைப்பது, ‘எப்படி இருந்தது’ என்று இருபது பேரிடம் கேட்டாலும் கிடைக்காது.

பாராட்டிலும் வகை பார்க்க வேண்டும். “விரல் என்னமா ஓடுது!” என்றால் அவர் பாட்டைக் கேட்கவில்லை, கையைப் பார்த்திருக்கிறார். கிட்டார் வாசிப்போரிடமிருந்து மட்டும் பாராட்டு வந்து மற்றவர்கள் பேசாமல் போனால் அமைப்பைக் குறைக்க வேண்டிய நேரம். உதடு அசைந்தால், முனகினால், “சொல்லே கேக்குது” என்றால், அந்தப் பகுதியைத் தொடாதீர்கள்.

ஒருவர் சொன்னதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் மாற்றுங்கள், அதுவும் ஒரு தடவைக்கு ஒன்று மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சிலர் வேகம் அதிகம் என்றும் சிலர் குறைவு என்றும் சொன்னால் வேகத்தை விட்டுவிட்டு பேஸைப் பாருங்கள்: ஓரிடத்தில் நெருக்கமாகவும் இன்னோரிடத்தில் இடைவெளியோடும் விழுந்துகொண்டிருக்கும்.